முதுகு தேய்த்துவிட்ட டிசைனர்

தன் முதுகைத் தானே முழுசாகத் தேய்த்துக்கொள்ள யாராலும் முடியாது. கொரியாவின் பழைய பொதுக் குளியல் கூடங்களில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. தனியாகக் குளிக்க வந்த பெண், பக்கத்து முக்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண்ணைப் பார்த்து, "முதுகு தேய்த்துவிடட்டுமா?" என்று கேட்பாள். இவள் அவளுக்குத் தேய்த்துவிட வேண்டும், அப்புறம் அவள் இவளுக்கு. பெயர், ஊர் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை. இப்போது இது அரிதாகிவிட்டது. காசு கொடுத்தால் தேய்த்துவிட ஆள் இருக்கிறார்கள், இளம்பெண்களும் முன்பின் தெரியாதவரிடம் முதுகைக் கொடுப்பதில்லை. ஆனால் சியோலில் டோங்டேமுன் சந்தைக்குப் பின்னால், சாங்சின்-டோங் மேட்டின் அடியில் நான் போகிற குளியல் கூடத்தில் அறுபது தாண்டிய பெண்கள் இன்னமும் கேட்கிறார்கள். அப்படி என்னைக் கேட்ட ஒருவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொரியா என்றதும் நம்மவர்கள் கேள்விப்பட்டிருப்பது ஜிம்ஜில்பாங். அங்கே ஒரே நிறத்தில் சட்டையும் அரைக்கால் சட்டையும் கொடுத்துவிடுவார்கள். ஆணும் பெண்ணுமாகக் குடும்பத்தோடு சூடான தரையில் படுத்துக் கிடக்கலாம், சுட்ட முட்டை உரித்துச் சாப்பிடலாம், சிக்கே என்கிற இனிப்பான அரிசிப் பானம் குடிக்கலாம். நான் சொல்வது அதற்கு முந்தைய தலைமுறை. மொக்யோக்தாங் என்று பெயர். தெருவுக்குத் தெரு இருந்த வெறும் குளியல் கூடம். வீடுகளில் வெந்நீர் வராத காலத்தில் வாரம் ஒருமுறை அம்மாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து தோல் சிவக்கத் தேய்த்துவிட்ட இடம். ஆண்களுக்கு ஒரு தளம், பெண்களுக்கு ஒரு தளம். உள்ளே துணி கிடையாது. ஒரு துண்டு கூட இடுப்பில் கட்டிக்கொள்ள மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய தடை என்று விளக்க வேண்டியதில்லை. ஆற்றங்கரையிலும் பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டித்தான் நாம் குளிப்போம். ஆராய்ச்சி வேலைக்காகச் சியோலுக்கு வந்து வெகு நாள் வரைக்கும் நானும் அந்தக் கதவைத் தாண்டவில்லை. கடைசியில் குளிர்தான் உள்ளே தள்ளியது. ஜனவரியில் இந்த ஊரில் மைனஸ் பத்து என்பது சாதாரணம். எலும்பு வரை ஏறிய அந்தக் குளிர் அறையின் ஹீட்டருக்கெல்லாம் மசியாது, கழுத்து வரை வெந்நீரில் அமிழ்ந்தால்தான் இறங்கும். உள்ளே போன சில நிமிடங்களில் ஒன்று புரிந்துவிடும். அங்கே உங்களை யாரும் பார்ப்பதில்லை. எல்லாரும் மும்முரமாகத் தங்கள் வேலையில் இருக்கிறார்கள். அந்த வேலை, அழுக்கு எடுப்பது.

அதற்கு ஒரு முறை உண்டு. வாசலில் செருப்பைப் பூட்டி வைத்து, உள்ளே உடைகளைப் பூட்டி வைத்து, சாவியை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். குழாய்களுக்கு எதிரே வரிசையாகக் குட்டையான பிளாஸ்டிக் முக்காலிகள். உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பு முழுக்கக் கழுவாமல் தொட்டிக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் யாராவது ஒரு பாட்டி சத்தம் போடுவார். நாற்பது டிகிரி சுமாருக்கு ஒரு தொட்டி, அதைவிடச் சூடாக ஒன்று, பக்கத்திலேயே பச்சைத் தண்ணீர்த் தொட்டி. தோல் நன்றாக ஊறிய பிறகு வெளியே வந்து, இத்தாலி டவல் என்கிற உள்ளங்கை அளவுத் துணி உறையைக் கையில் மாட்டித் தேய்த்தால், இறந்த தோல் அழிரப்பர் துகள் போலச் சுருண்டு சுருண்டு விழும். ஓர் ஓரத்தில் கறுப்பு உள்ளாடை போட்ட பெண்கள் ரெக்சின் விரித்த மேஜைகளில் காசுக்குத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களை எல்லாரும் 'இமோ' என்றுதான் கூப்பிடுவார்கள். நம் சித்தி, பெரியம்மா மாதிரி. முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால் திரும்பிப் படுக்க வேண்டும்.

அன்று இமோவிடம் வரிசை நீளமாக இருந்தது. சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம். பண்டிகைக்கு முன்னால் எல்லாருமே அழுக்கு எடுத்தாக வேண்டும். நான் கைக்கு எட்டிய வரைக்கும் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது பக்க முக்காலியில் இருந்த பெண்மணி கேட்டார். முடியை மேலே தூக்கிக் கட்டியிருந்தார், அறுபதைத் தாண்டியிருப்பார், நல்ல உறுதியான கைகள். சரி என்று முதுகைக் காட்டினேன்.

இடுப்பிலிருந்து மேல்நோக்கி நீளநீளமாக இழுத்துத் தேய்த்தார். தோள்பட்டை எலும்பு வந்ததும் கை நின்றது. டவல் மாட்டாத இன்னொரு கையின் கட்டைவிரலால் இரண்டு பக்க எலும்பையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"வலது தோள் இறக்கம். பை எந்தப் பக்கம் மாட்டுகிறீர்கள்?"

வலது பக்கம்தான், மடிக்கணினியோடு சேர்த்து.

"ரெடிமேட் கோட் போட்டால் வலது பக்கம் கழுத்துக்குக் கீழே ஒரு சுருக்கம் விழுமே?"

விழும். அதைத் துணியின் குறை என்றே நினைத்திருந்தேன். நீங்கள் பிசியோதெரபிஸ்டா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "துணி தைக்கிறவள்" என்றார். பிறகு வெந்நீர்த் தொட்டியில் கழுத்து வரை உட்கார்ந்து பேசும்போதுதான் தெரிந்தது, டோங்டேமுன் மொத்தச் சந்தையில் சொந்தப் பெயரில் உடுப்பு விற்கிற டிசைனர் என்று. அவர் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

ஃபேஷன் டிசைனர் என்றால் நம் மனதில் வரும் உருவம் வேறு. டோங்டேமுனில் அந்த உருவத்துக்கும் இடம் உண்டு. ஸாஹா ஹதீத் வடிவமைத்து 2014-ல் திறந்த அந்த வெள்ளிநிற வளைவுக் கட்டடத்தில்தான் சியோல் ஃபேஷன் வீக் நடந்துவந்தது. அதன் பக்கத்திலேயே இன்னோர் உலகம். இரவு கடை திறந்து விடியும் வரை வியாபாரம் செய்யும் மொத்த விற்பனை மாடிகள். எதிரே துணியும் பித்தானும் ஜிப்பும் விற்கும் பெரிய அங்காடி. அதற்குப் பின்னால் சாங்சின்-டோங் மேட்டுச் சந்துகளில் வீட்டுக்கு வீடு தையல் பட்டறை. துணி உருட்டுகளை ஆளுயரத்துக்குக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் அந்தச் செங்குத்துச் சந்துகளில் ஏறிக்கொண்டே இருக்கும். இன்று வரைந்த உடுப்பு ஓரிரு நாளில் கடையில் தொங்கும். மேட்டில் இருப்பவர்கள் கண் விழித்துத் தைப்பதால்தான் இந்த வேகம்.

இவர் அந்தத் தையல் பட்டறை உலகத்தில் இருந்து வந்தவர். 1970களின் நடுவில், பதினைந்து வயதில், ஜொல்லா பக்கத்துக் கிராமத்தில் இருந்து டோங்டேமுனின் பியோங்ஹ்வா சந்தைக்கு 'சிதா' வேலைக்கு வந்தாராம். திருப்பூரில் கைமடி என்பார்களே, அந்த வேலை. நூல் வெட்டுவது, துணி எடுத்துக் கொடுப்பது, திட்டு வாங்குவது. அந்தச் சந்தைக் கட்டடத்தில் ஒரு தளத்தைக் குறுக்கே பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். ஒன்றரை மீட்டர் உயரப் பரண். நிமிர்ந்து நிற்க முடியாது. தினம் பதினான்கு மணி நேரம் வேலை.

இந்த இடத்தில் ஜியோன் டே-இல் பெயரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அதே சந்தையில் துணி வெட்டுகிறவராக இருந்தவர். தொழிலாளர் சட்டம் என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டு, அதைப் படித்து, அந்தப் பரண்களில் இருந்த சிறுமிகளின் நிலையைக் கணக்கெடுத்து, அதிகாரிகளிடம் அலைந்தார். எதுவும் நடக்காதபோது 1970 நவம்பர் 13 அன்று, "நாங்கள் இயந்திரங்கள் அல்ல" என்று கத்தியபடி சந்தை வாசலில் தீக்குளித்தார். வயது 22. அந்த மாதமே அங்கே தையல் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அவர் அம்மா லீ சோ-சன் மிச்ச வாழ்நாள் முழுக்கத் தொழிலாளர்களின் அம்மாவாகவே இருந்தார். என் டிசைனர் ஜியோனைப் பார்த்ததில்லை, ஆனால் சங்கம் நடத்திய வகுப்பில்தான் ஒழுங்காக எழுதவும் கணக்குப் போடவும் கற்றேன் என்கிறார். பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அட்டை மாதிரி, போடுவதற்கு அந்தக் கணக்கு போதுமானதாக இருந்ததாம்.

தொட்டியில் எங்களுக்கு எதிரே மூன்று பாட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். முகத்தைத் திருப்பாமலே அவர் சொன்னார்: "எழுந்து போகும்போது முதுகைப் பாருங்கள். மூவரும் மிஷின்காரர்கள்." அவர்கள் எழுந்தபோது பார்த்தேன். மேல்முதுகு வளைந்து, கழுத்து முன்னால் நீண்டு, ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்து. வாழ்க்கையில் கால்வாசிக்கும் மேல் தையல் ஊசிக்கு முன்னால் குனிந்திருந்த உடம்புகள். இங்கே அரண்மனை பார்க்க வருகிறவர்களுக்கு இந்தச் சரித்திரம் கண்ணில் படாது, கோட்டுக்குள் மறைந்திருக்கும். அங்கே அது ஈரத்தோடு நடந்து போனது.

அப்புறம் அவர் சொன்னவை எனக்குப் பாடம். முதுகு வளைந்தால் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் முதுகின் நீளம் கூடுகிறது, முன்பக்கம் சுருங்குகிறது. சராசரி அளவில் வெட்டிய சட்டையை அவர்கள் போட்டால் பின்னால் தூக்கிக்கொள்ளும், முன்னால் தொங்கும், கழுத்துப்பட்டை பின்னால் விலகி நிற்கும். பிள்ளை பெற்ற பிறகு மார்பின் முனை இறங்கிவிடும், ஆனால் மார்பு வடிவத்துக்காகத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட் பழைய இடத்திலேயே குத்திக்கொண்டு நிற்கும். கை தொங்கும்போது எடுத்த முதுகு அகலம் வேறு, கையை முன்னால் நீட்டும்போது இருக்கும் அகலம் வேறு. "இங்கே பாருங்கள், எல்லாரும் கையை நீட்டி, தூக்கி, முறுக்கித் தேய்க்கிறார்கள். உடம்பு எப்படி அசைகிறது என்று எந்த ஸ்டுடியோவும் இந்த மாதிரி காட்டாது. மாடல் பெண் நிற்கிறாள், நடக்கிறாள். அவ்வளவுதான்."

யாரையும் உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை, அதுவும் அவருக்குத் தெரியும். முதுகு தேய்க்கக் கேட்பதுதான் அவர் வழி. கை வழியாகப் பார்ப்பது. பல வருடமாகத் தேய்த்து வந்த ஒரு பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குப் புற்றுநோயில் ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். சிகிச்சை முடிந்து அவர் இந்தக் கூடத்துக்குத் திரும்பி வந்த அன்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை, வழக்கம்போல முதுகு தேய்த்துவிட்டார்கள். அன்று இரவே டிசைனர் அவருக்காக ஒரு சட்டை வெட்டினார். தழும்பில் தையல் உரசாமல் பக்கத் தையலைப் பின்னால் தள்ளி, உள்ளே ஒரு பை வைத்து. இதைச் சொல்லும்போது அவர் குரலில் இரக்கம் இல்லை, தொழில் பேசுகிற குரல். எனக்கு அது பிடித்தது.

அவருடைய கோபம் எல்லாம் ஒரு எண் மேல். 55. கொரியப் பெண்களின் உடுப்பு அளவு 44, 55, 66, 77 என்று போகும். 1981-ல் தரநிலை வகுத்தபோது இருபதுகளில் இருந்த பெண்களின் சராசரி உயரமாக 155 செ.மீ., மார்பளவாக 85 செ.மீ. வைத்தார்கள். இரண்டின் கடைசி எண்ணையும் சேர்த்து 55. அதிலிருந்து படி இறங்கினால் 44, ஏறினால் 66. அரசு பிறகு அந்த முறையைக் கைவிட்டும் கடையிலும் பேச்சிலும் அது போகவில்லை. 55-க்குள் அடங்குவது ஒரு பெண்ணின் பண்பு என்பதுபோல ஆகிவிட்டது. டோங்டேமுனில் இன்னும் மோசம், 'ஃப்ரீ சைஸ்' என்று ஒரே அளவுதான், அந்த ஒன்றும் 55-ஐ ஒட்டி வெட்டியது. அந்த 1981-ல்தான் ராணுவ ஆட்சி பியோங்ஹ்வா சந்தையின் சங்கத்தைக் கலைத்தது. இரண்டும் தொடர்பில்லாத சம்பவங்கள்தான், ஆனாலும் அந்தப் பரணில் அதே வருடம் 55 தைக்கத் தொடங்கிய பெண்களை நினைத்தால் எனக்கு இரண்டையும் சேர்த்தே எழுதத் தோன்றுகிறது. அவர்கள் தைத்த உடுப்பு அவர்களுக்கே இப்போது சேராது.

சராசரி என்பதும் ஓடிக்கொண்டே இருப்பது. உலக நாடுகளின் உயரத்தை ஒப்பிட்டு 2016-ல் வெளியான பெரிய ஆய்வொன்றில், நூறு வருடத்தில் மிக அதிகமாக வளர்ந்த பெண்கள் தென்கொரியப் பெண்கள்தான் என்று வந்தது. சுமார் 20 செ.மீ. காலனி ஆட்சியும் போரும் பஞ்சமும் பார்த்த பாட்டி, பால் குடித்து வளர்ந்த பேத்தி, இருவரும் ஒரே தொட்டியில் உட்கார்ந்திருந்தால் அந்த 20 செ.மீ.யின் பெரும்பகுதியைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

"முன்பு இப்படி இல்லை" என்று அவர் கொரியாவின் பாரம்பரிய உடுப்பான ஹான்போக்கைப் பற்றிச் சொன்னார். பழைய பாவாடையான சிமா ஒரே அகலத் துணி, மார்பைச் சுற்றிக் கட்டுவது. கல்யாணத்திலும் கர்ப்பத்திலும் கிழவியான பிறகும் அதே பாவாடைதான், சுற்று மட்டும் கூடும் குறையும். துவைக்க வேண்டுமென்றால் தையலைப் பிரித்து, துண்டுகளாகத் துவைத்து, கல்லில் வைத்து உலக்கையால் தட்டி மினுக்கி, மறுபடி தைப்பார்கள். ஒவ்வொரு துவையலிலும் அளவை மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு. நானோ ஹான்போக்கை அழகான பண்டிகை உடுப்பாக மட்டும் பார்த்திருந்தேன்.

கையில் இருந்த இத்தாலி டவலையும் விடவில்லை. 1960களில் பூசானில் பிறந்த பொருள் அது. விஸ்கோஸ் ரேயான். நூலை அளவுக்கு மீறி முறுக்கி நெய்வதால் நனைந்ததும் சுருங்கி முரடாகிறது. "இதே ரேயான்தான் வெயில்காலப் பாவாடையிலும். முறுக்கு ஒன்றுதான் வித்தியாசம்." துணிக்கு இத்தாலிப் பெயர் வந்தது மூலப்பொருள் அங்கிருந்து வந்ததால் என்றார், ஆனால் அவருக்கு முறுக்குதான் முக்கியம்.

வெளியே வந்து தலை துவட்டிக்கொண்டே வாழைப்பழப் பால் குடிக்கும்போது என்னைக் கேட்டார்: உங்கள் ஊரில் புடவைக்குள் போடும் சட்டைக்கு எப்படி அளவெடுப்பார்கள்? பழைய ரவிக்கை ஒன்றைத் தையல்காரரிடம் கொடுத்துவிடுவோம், அதை வைத்துத் தைப்பார் என்றேன். அவருக்கு நம்பமுடியவில்லை. டேப் வேண்டாமா? வேண்டாம். பொருந்துகிற ரவிக்கையில்தான் அளவு எல்லாம் இருக்கிறதே. ஒன்று கொண்டுவர முடியுமா என்றார். மதுரையில் இருந்து அம்மா அனுப்பிவைத்தார்.

அவர் பட்டறை மேட்டில் பாதி தூரத்தில், மூன்றாம் மாடி. சுவர் முழுக்கப் பழுப்பு அட்டைப் பேட்டர்ன்கள் ஓட்டை போட்டுத் தொங்கின. ரவிக்கையை உள்பக்கம் திருப்பி மேஜை விளக்குக்குக் கீழே விரித்தார். பக்கத் தையலில் வரிசையாக மூன்று கோடுகள், அதற்கு அப்பால் ஒன்றரை அங்குலம் மடித்து விட்ட துணி. தப்பாக ஓட்டியதா என்றார். இல்லை, உடம்பு போட்டால் ஒரு தையல் பிரித்துவிட்டுக்கொள்ள, இன்னும் போட்டால் இன்னொன்று. நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், 'உள்ளே துணி விட்டுத் தையுங்கள்' என்று சொல்லாமல் யாரும் ரவிக்கை கொடுப்பதில்லை. அவரோ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்த மூன்று கோடுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை அளந்து குறித்துக்கொண்டார். தைத்தவர் யார், எங்கே கற்றார், கூலி எவ்வளவு, எல்லாம் கேட்டார். எங்கள் தெருமுனைத் தையல்காரர் அண்ணனைப் பற்றி ஒரு சியோல் டிசைனரிடம் அவ்வளவு விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்ததில் எனக்கு ஒரு பெருமிதம் வந்தது உண்மை.

அவருடைய அடுத்த வேலையாக அது ஆகிவிட்டது. இளவேனிலுக்கான ஒரு ஜாக்கெட்டில், பக்கத்திலும் முதுகு நடுவிலும் துணி விட்டு, பிரிக்கக்கூடிய மூன்று வரித் தையல். ஆனால் அது சுலபமில்லை. தொழிற்சாலை உடுப்பை ஓவர்லாக் மிஷினில் ஓட்டுகிறார்கள். தைத்துக்கொண்டே ஓரத்தை வெட்டித் தள்ளும் கத்தி அதில் இருக்கிறது, வேகம் அதனால்தான். துணி விட வேண்டுமென்றால் ஓரங்களைத் தனியாக ஓவர்லாக் அடித்து, பிறகு சாதா மிஷினில் மூன்று முறை ஓட்ட வேண்டும். வெட்டுகிறவர் துணி வீணாகிறது என்றார். மொத்தக் கடைக்கு வரும் வியாபாரிகள் உள்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனவே சந்தைக்கு அனுப்பாமல், கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறார். முதலில் போட்டுப் பார்த்தவர்கள் குளியல் கூடத்துப் பெண்கள்தான். முதுகு நீளத்தை ஒவ்வொருவருக்கும் தனியாக மாற்றியிருக்கிறார்.

தைப்பவர் அவரோடு அதே பரணில் தொடங்கிய தோழி. பீஸ் கணக்கில் கூலி. மூன்று வரித் தையலுக்கு நேரம் கூடுகிறது, அதனால் பழைய கூலிக்கு முடியாது என்கிறார். டிசைனர், விலையை ஏற்றினால் இந்தப் பெண்களால் வாங்க முடியாது என்கிறார். போன முறை நான் போனபோதும் பேச்சு அதில்தான் நின்றது. பாதி தைத்த ஒரு ஜாக்கெட்டை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, நிமிடக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னையும் அபிப்பிராயம் கேட்டார்கள். நான் தோழியின் பக்கம்தான் பேசினேன். அந்தக் கூடுதல் நேரத்துக்குக் கூலி கொடுத்த பிறகுதான் விலையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றேன், இப்போதும் அதையேதான் சொல்வேன்.